பறங்கிப்பேட்டைப் பெட்டி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கோர்ட்டுக் கச்சேரியில், கூரையில் தொங்கும் பெரிய துணி விசிறியான பங்காவைச் சாமிக்கண்ணு இழுத்து வந்தார். ஜட்ஜு உட்காரும் அறைக்குள் அவருக்கு வேலை இல்லை. வெளித் தாழ்வாரத்தில், சுவரில் போட்ட ஓட்டை வழியாக வரும் கயிற்றைக் காலையில் பிடித்தால், கச்சேரி கலைகிற வரையில் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கை ஓய்ந்தால் கயிற்றைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொள்வார். உள்ளே நடக்கிற வழக்கெல்லாம் அவருக்குச் சுவருக்கு அப்பால் கேட்கிற குரல்கள்தான். யாரோ அழுவார்கள், யாரோ சத்தியம் செய்வார்கள், எவனையோ ஜெயிலுக்கு அனுப்புவார்கள். ஒரு முகத்தையும் அவர் பார்த்ததில்லை. டவாலிச் சேவகன் வந்து "கொஞ்சம் வேகமா" என்றால் வேகமாக இழுப்பார். "போதும்" என்றால் நிறுத்துவார்.

வேலையில் வந்த பழக்கம் மற்ற இடங்களுக்கும் கூடவே வந்துவிட்டது. ரேஷன் கடையில் முன்னால் நின்றவன் அரிசியை வாங்கிக்கொண்டு போன பிறகும், "நான் வரலாங்களா" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பார். அவர் மனைவி கொளஞ்சியம்மாளுக்குப் பிறந்த வீடு விருத்தாசலத்துப் பக்கம். மல்லாட்டைக் கிடங்கில் வேர்க்கடலை மூட்டை தைக்கிற வேலை பார்த்தாள். "இந்த மனுசனைத் தண்ணியில தள்ளிவுட்டா, முழுவலாங்களான்னு கேட்டுட்டுத்தான் முழுவுவாரு" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். பக்கத்தில் இருந்தால் அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அவர்களுக்கு ஒரே பெண், பொன்னி. கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, ஸ்ரீமுஷ்ணத்துக்கு நடந்துபோய் வேண்டிக்கொண்டு பிறந்தவள். அப்போது ஐந்து வயது. வாய் ஓயாமல் கேள்வி கேட்பாள். அம்மாவிடம் கேட்டால் "போய் வேலையப் பாரு" என்று பதில் வரும். அப்பாவிடம் கேட்டால் தெரியாததற்கும் ஏதாவது ஒன்று சொல்லிவிடுவார்.

சுதந்திரம் வந்த வருஷம் மார்கழியில், கச்சேரிக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறை விட்ட சமயம், கொளஞ்சியின் தம்பி சிங்காரம் சிதம்பரத்திலிருந்து ஆள் மூலமாகச் சொல்லி அனுப்பியிருந்தான். அவன் அங்கே ஜட்கா வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். இந்த வருஷமாவது திருவாதிரைக்கு வந்து தேரும் பார்த்து, மறுநாள் தரிசனமும் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று வற்புறுத்தியிருந்தான். மூன்று பேரும் கடலூர் ஓ.டி. ஸ்டேஷனில் ரயிலேறினார்கள். பொன்னி ஜன்னலை விட்டு நகரவில்லை.

தேர் அன்று காலையில் கீழவீதியிலிருந்து புறப்பட்டிருந்தது. அது தெற்குவீதியைச் சுற்றிக்கொண்டு மேலவீதிக்குத் திரும்ப நேரமாகும் என்று சிங்காரம் சொன்னான். மேலவீதியில் வெயிலில் நின்றுகொண்டிருந்த அக்காவையும் குழந்தையையும் பார்த்துவிட்டு, அவர்களுக்குப் பின்னால் வீதியிலேயே இருந்த ஒரு சத்திரத்துக்கு அழைத்துக்கொண்டு போனான்.

"உள்ள நெழலா இருக்கும் மாமா. ஏதோ பழைய சாமானெல்லாம் அடுக்கி வச்சிருக்காங்க. காசு கெடையாது. பாத்துக்கிட்டு இருந்தா தேரு வந்துடும்."

வாசலில் துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள்: பழங்கால வீட்டுச் சாமான் காட்சி. சாமிக்கண்ணு எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, வாசலில் நின்ற ஆளிடம், "நாங்க போவலாங்களா" என்று கேட்டார்.

காட்சியைக் கூட்டியவர் சபாநாயகம் பிள்ளை. ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர். இருநூறு முந்நூறு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கடற்கரைக்கு வியாபாரம் செய்ய வந்த டச்சுக்காரர்கள், இங்கிலீஷ்காரர்கள், அவர்களோடு வர்த்தகம் பண்ணிய நம்மூர்ச் செட்டியார்கள், மரக்காயர்கள் வீடுகளில் புழங்கிய சாமான்களையெல்லாம் பறங்கிப்பேட்டை, தேவனாம்பட்டினம் என்று அலைந்து, ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து கெஞ்சி, இரவல் வாங்கி வந்திருந்தார். ஒரு கீறல் விழாமல் திருப்பித் தருவதாக ஒவ்வொருவரிடமும் கைமேல் அடித்துச் சொல்லியிருந்தார். கூடத்தின் இரண்டு பக்கமும் பெஞ்சு போட்டு, மேலே வெள்ளை வேட்டி விரித்து, அதன்மேல் சாமான்களை வைத்து, முன்னால் கயிறு கட்டியிருந்தார்கள். கையில் ஒரு மெல்லிய பிரம்போடு அவரே ஒவ்வொன்றையும் சுட்டிக் காட்டி விளக்கிக்கொண்டு வந்தார்.

நீலச் சித்திரம் போட்ட பீங்கான் ஓடுகள். மெழுகுவத்தித் திரியைக் கத்தரித்து அந்தக் கரியைத் தானே பிடித்துக்கொள்கிற கத்தரிக்கோல். வெள்ளைக்காரர்கள் பொய்முடியைக் கழற்றி மாட்டிவைக்கிற மரத்தலை. கிளி மாதிரி செய்த பாக்குவெட்டி. உள்ளே நெருப்பு வைத்து மேலே காலை வைத்துக் குளிர்காய்கிற ஓட்டைப் பெட்டி. அதைப் பார்த்துக் கூட்டம் சிரித்தது.

"இந்த ஊர்ல எவன்யா காலைச் சுட வச்சுக்கிட்டான்?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஊர்லேருந்து வரும்போது பழக்கத்தையும் மூட்டை கட்டிக்கிட்டுதானே வருவான்" என்றார் சபாநாயகம்.

கூடத்தின் கடைசியில் தரையிலேயே வைத்திருந்தது ஒரு பெரிய பெட்டி. கனத்த தேக்குப் பலகை, குறுக்கே இரும்புப் பட்டைகள், மூலைகளில் பித்தளை. மூடியைத் திறந்து ஒரு குச்சியை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். மூடியின் உட்புறத்தில் பாய் விரித்த கப்பல் ஒன்று வர்ணத்தில் எழுதியிருந்தது. வர்ணம் இன்னும் மங்கவில்லை.

"டச்சுக்காரன் ஒருத்தன் பறங்கிப்பேட்டையில நம்ம தச்சனை வச்சுச் செய்யச் சொன்ன பெட்டி இது. பூட்டு மட்டும் அவன் சீமையிலேருந்து வந்தது. மூடினா தானா பூட்டிக்கும். மூடியோட ஓரத்துல பாருங்க, நாலு பக்கமும் நாக்கு. கீழவீதி ராஜாமணி முதலியார் வீட்டுச் சொத்து. சாவி கைமாறினா தொலைஞ்சிடும்னு அவர் தன்கிட்டயே வச்சிருக்கார்."

பொன்னி கயிற்றைப் பிடித்துக்கொண்டு கப்பலையே பார்த்தாள். "யப்பா, அதுல யாரு இருக்காங்க?"

"ஆளுங்க இருப்பாங்க. தெரியலியே."

"கிட்டப் போய்ப் பாக்கலாமா?"

"கயிறு கட்டியிருக்காங்கல்ல. போவக் கூடாது."

அந்த நேரத்தில் வெளியே மேளமும் கொம்பும் நெருங்கின. தேர் மேலவீதி முனையில் திரும்பிவிட்டது என்று யாரோ கத்தினார்கள். கூடத்தில் இருந்த கூட்டம் முழுவதும் வாசலுக்கு ஓடியது. கொளஞ்சி குழந்தை அப்பாவோடு இருக்கிறாள் என்று நினைத்து, தம்பியோடு வாசலுக்குப் போனாள். சாமிக்கண்ணு குழந்தை அம்மாவோடு போய்விட்டாள் என்று நினைத்தார். அவருக்கு அந்த நீல ஓடுகளில் ஒன்றை விரலால் தொட்டுப் பார்க்க வெகுநேரமாக ஆசை. ஆள் குறைந்ததும் சபாநாயகத்திடம் போய், "ஐயா, இந்த ஓட்டைத் தொட்டுப் பாக்கலாங்களா" என்று கேட்டார். "மெதுவா" என்று அவர் தலையாட்டினார்.

தொட்டுக்கொண்டிருக்கும்போதுதான் கூடத்தின் கடைசியிலிருந்து 'டமார்' என்று சத்தம் கேட்டது.

"குச்சி நழுவிடுச்சு" என்று சபாநாயகம் வருத்தத்தோடு திரும்பினார். பெட்டி மூடிக் கிடந்தது. குச்சி தரையில் உருண்டுகொண்டிருந்தது. பிறகு பெட்டிக்குள்ளிருந்து தட்டுகிற சத்தம் வந்தது.

முதலில் இரண்டு பேருக்கும் புரியவில்லை. அப்புறம் "யப்பா" என்று, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு குரல் கேட்டது.

சாமிக்கண்ணு கயிற்றைத் தாண்டினார். வாழ்நாளில் கேட்காமல் தாண்டிய முதல் கயிறு அதுவாகத்தான் இருக்கும். மூடியின் விளிம்பில் நகத்தைக் கொடுத்து இழுத்தார். நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். சபாநாயகம் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். இரும்பு நாக்குகள் நாலு பக்கமும் கடித்துக்கொண்டிருந்தன. ஒரு கத்தி நுனி நுழையக்கூட இடைவெளி இல்லை.

வாசலிலிருந்து கொளஞ்சியும் சிங்காரமும் ஓடி வந்தார்கள். கொளஞ்சி மூடியின்மேல் இரண்டு கையாலும் அறைந்தாள்.

"கீழவீதிக்கு ஓடு தம்பி" என்று சபாநாயகம் சிங்காரத்தைப் பிடித்துத் தள்ளினார். "ராஜாமணி முதலியார் வீடு. நான் அனுப்பினேன்னு சொல்லு. சாவியை வாங்கிக்கிட்டு ஓடியா."

சிங்காரம் ஓடினான். ஆனால் மேலவீதியில் தேர் வந்துகொண்டிருந்தது. வீதி முழுவதும் தலைதான். வடம் பிடிக்கிறவர்களும், பார்க்க வந்தவர்களும், சந்து பொந்து எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு நின்றார்கள். சத்திரத்துச் சமையல்காரர் தச்சரைத் தேடிப் போனார். சிதம்பரத்துத் தச்சர்கள் அத்தனை பேரும் அன்றைக்குத் தேர்ச் சக்கரத்துக்குக் கட்டை போட்டுக்கொண்டு தேரோடு கூட்டத்தின் நடுவில் இருந்தார்கள். அவரும் திரும்பி வரவில்லை.

"ஐயா," என்றார் சாமிக்கண்ணு. "ஒடைச்சிடலாமுங்களா?"

சபாநாயகம் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். "கொஞ்சம் பொறுப்பா. சாவி இப்ப வந்துரும். அவசரப்பட்டு அடிச்சு, பலகை உள்ள பாய்ஞ்சு குழந்தைமேல பட்டுட்டா?"

அது நியாயமாகத்தான் பட்டது. சாமிக்கண்ணு தலையாட்டினார். பெட்டியின் முகப்பில், சாவித் துவாரத்தின்மேல் ஒரு பித்தளைத் தகடு தொங்கியது. அதை ஒதுக்கிவிட்டு, தரையில் படுத்து, துவாரத்தில் வாயை வைத்தார்.

"பொன்னி, அப்பா இங்கதான் இருக்கேன். பயப்படாத."

"தொறப்பா. இருட்டா இருக்குது."

"மாமா சாவி எடுத்தாரப் போயிருக்குது. இதோ வந்துரும். இந்தத் துவாரம் தெரியுதா? வெளிச்சம் தெரியுதா? அதுகிட்ட மூஞ்ச வச்சுக்க."

"தெரியுது."

"அங்கயே இரு. நவுராத."

குழந்தை அழத் தொடங்கினாள். அழுதால் மூச்சு ஜாஸ்தி செலவாகும் என்று சபாநாயகம் கிசுகிசுத்தார். பேச்சுக் கொடுக்கச் சொன்னார். என்ன பேசுவது என்று சாமிக்கண்ணுவுக்குத் தெரியவில்லை. தலையைத் திருப்பிப் பார்த்தார். கண்ணில் பட்டது பெஞ்சின் மேலிருந்த சாமான்கள்தான்.

"நீ சரியாப் பாக்கலியே பொன்னி. இங்க ஒரு மரத்தலை இருக்குது."

அழுகை கொஞ்சம் நின்றது. "யாரு தலை?"

"வெள்ளைக்காரன் முடி மாட்டுற தலை. மொட்டை."

"மூக்கு இருக்குதா?"

"மூக்கு..." அவர் எட்டிப் பார்த்தார். "மூக்கு இல்ல. கண்ணும் இல்ல. சும்மா உருண்டையா இருக்குது."

"அப்புறம்?"

"ஐயா, அது என்னாங்க, அந்தக் கண்ணாடிக் குடுவை?" என்று சாமிக்கண்ணு கேட்டார். சபாநாயகம் அவருக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். "மணல் கடிகாரம்" என்றார். சாமிக்கண்ணு அதைத் துவாரத்தில் சொன்னார். மேலே இருக்கிற மணல் கீழே இறங்கினால் ஒரு நாழிகை, அப்புறம் கவிழ்த்து வைக்க வேண்டும். இப்போது ஓடுகிறதா என்று குழந்தை கேட்டாள். இல்லை, நின்றுகிடக்கிறது என்றார். பன்னீர்ச்செம்பு. கிளிப் பாக்குவெட்டி. மிளகு திருட்டுப் போகாமல் பூட்டிவைக்கிற டப்பா. இரண்டு ஆண்களும் தரையில் கிடந்து, ஒருவர் பேரைச் சொல்ல மற்றவர் பெட்டிக்குள் சொன்னார். நடுநடுவே சாமிக்கண்ணு தோளிலிருந்த துண்டை எடுத்துத் துவாரத்துக்கு நேராக விசிறினார். காற்று உள்ளே போகிறதா என்று தெரியாது. விசிறுவது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த வேலை.

வெளியே தேர் சத்திரத்துக்கு நேராக வந்து நின்றது. ஜனங்கள் போட்ட கோஷத்தில் குழந்தை சொன்னது காதில் விழாமல் போனது. "என்னாம்மா? என்னா சொன்ன?" என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். வாசலுக்கு ஓடி, கொஞ்சம் சத்தம் போடாமல் இருங்கள் என்று சொல்லலாம். யாரிடம் சொல்வது? ஊரே அங்கே நின்றது.

"வேர்க்குதுப்பா."

"இப்ப வந்துரும்மா."

"தூக்கம் வருது."

"தூங்காத கண்ணு. ஓடு பாத்தியா, நீலமா? அதுல ஒரு ஆளு மீன் புடிக்கிறான். தூண்டில் போட்டிருக்கான். பொன்னி?"

"ம்."

"மீன் எத்தினி இருக்குதுன்னு கேளு."

அவள் கேட்கவில்லை.

கொளஞ்சி அதுவரையில் பெட்டியைக் கட்டிக்கொண்டு, கன்னத்தை மூடியின்மேல் வைத்துக் கிடந்தாள். ஒவ்வொரு தடவையும் "சாவி இதோ வந்துரும்" என்ற சொல் வந்தபோது வாசலைப் பார்த்தாள். மகள் குரல் நின்றதும் எழுந்தாள். யாரையும் பார்க்காமல் சத்திரத்தின் பின்கட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில், சமையல்கட்டில் விறகு பிளக்கிற கோடாலி இருந்தது.

சபாநாயகம் எழுந்து குறுக்கே நின்றார். "அம்மா, பொறும்மா. எல்லாரும் என்னை நம்பிக் குடுத்த சாமான்மா. சாவி..."

"நவுருங்க" என்றாள் கொளஞ்சி. குரலை உயர்த்தவில்லை.

அவர் நகர்ந்தார். நகர்ந்து சுவரில் சாய்ந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

கோடாலியைத் தூக்கியவள் அப்படியே நின்றாள். பெட்டி ஆள் நீளம். மேல் மூடியிலும் முகப்பிலும் இரும்புப் பட்டைகள் நெருக்கமாக ஓடின. பட்டையில்லாமல் வெறும் பலகையாக இருந்தது இரண்டு கோடிகளும்தான். துவாரத்தை விட்டுச் சாய்ந்துவிட்ட குழந்தையின் தலை இப்போது எந்தக் கோடியில் இருக்கிறது?

"எந்தப் பக்கம்யா?" என்றாள்.

சாமிக்கண்ணு துவாரத்தில் கூப்பிட்டார். "பொன்னி, ஒரு தட்டு தட்டு. எங்க இருக்கன்னு தட்டு." பதில் இல்லை. காதை வைத்துக் கேட்டார். தன் நெஞ்சு அடித்துக்கொள்கிற சத்தம்தான் கேட்டது. கடைசியாக அந்த "ம்" எங்கிருந்து வந்தது என்று நினைத்துப் பார்த்தார். இடது பக்கமாகத்தான் வந்தது. வந்ததுபோலத்தான் இருந்தது. இத்தனை வருஷம் சுவருக்கு அப்பால் குரல் கேட்டவருக்கு, மகள் குரல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதில் நிச்சயம் இல்லை.

"எந்தப் பக்கம், சொல்லு" என்றாள் கொளஞ்சி மறுபடியும்.

இடது கோடியின்மேல் கையை விரித்து வைத்தார். "இங்க வேணாம். அந்தப் பக்கம்."

அவள் வலது கோடியில் அடித்தாள். தேக்கு லேசில் பிளக்கவில்லை. கோடாலி பதிந்து, பிடுங்கி, மறுபடி பதிந்தது. சிராய்கள் பறந்தன. பலகை நீளவாக்கில் விட்டுக்கொண்டபோது அவள் ஓங்கிய வேகத்தில் கோடாலி பிளவுக்குள் இறங்கியது. இறங்கியதை அவள் கை உணர்ந்தது. அவள் கோடாலியைப் போட்டுவிட்டுப் பலகையைக் கையால் பிய்த்தாள்.

குழந்தையின் கால்கள் இருந்தன. கால்களைப் பிடித்துத்தான் வெளியே இழுத்தார்கள். முகம் வேர்வையில் நனைந்து, உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு இருந்தது. வெளிக்காற்று பட்டதும் மார்பு ஒரு முறை தூக்கிப் போட்டது. வலது பாதத்திலிருந்து ரத்தம் கொட்டியது.

அந்தச் சமயத்தில் வாசலில் சிங்காரம் வந்து நின்றான். சட்டை கிழிந்து தொங்கியது. கையில் ஒரு சாண் நீளச் சாவி. அவனுக்குப் பின்னால் மேல்துண்டுகூட இல்லாமல் மூச்சு வாங்கிக்கொண்டு ராஜாமணி முதலியார்.

அவர் குழந்தையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "பெட்டிதானேய்யா" என்றார். "உடனே ஒடைச்சிருக்க வேணாமா? நான் என்ன சொல்லப் போறேன்?"

 அந்த வார்த்தை சாமிக்கண்ணுவின் காதில் அன்றைக்கு முழுவதும் விழுந்துகொண்டே இருந்தது. ராஜாமணி நல்ல மனுஷர். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

தேர் வழியை விட்டு நகரும் வரை ஜட்காவைக் கிளப்ப முடியவில்லை. சாமிக்கண்ணு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஜனங்களுக்கு நடுவே, "வழி வுடுங்க, வழி வுடுங்க" என்று கெஞ்சிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு நடந்தார். கொளஞ்சி மகளின் பாதத்தைத் தன் முந்தானையில் சுற்றி, இறுக்கிப் பிடித்தபடி பக்கத்திலேயே வந்தாள். பொன்னி பிழைத்தாள். வலது காலில் சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் போய்விட்டன. பாதத்தின் ஓரத்தில் ஒரு நரம்பு அறுந்திருந்தது. நடக்கலாம், ஆனால் அந்தக் காலை இழுத்துத்தான் நடப்பாள் என்று டாக்டர் சொன்னார். "உசுரு இருக்கே, அதைப் பாருங்க" என்றும் சொன்னார்.

சபாநாயகம் பிள்ளை ஒரு தடவை கடலூருக்கு வந்தார். கமலா ஆரஞ்சு வாங்கி வந்திருந்தார். குழந்தையின் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். சாமான் கொடுத்தவர்கள் காட்சியின் பொறுப்பைத் தன்னிடமிருந்து வாங்கிவிட்டார்கள் என்றார். அது சரிதான் என்றும் சொன்னார். போகும்போது சாமிக்கண்ணுவின் கையைப் பிடித்தார். 

பொங்கல் கழிந்து, அந்தக் காட்சி கடலூரிலேயே இருக்கும் திருப்பாப்புலியூருக்கு வந்தது. இப்போது நடத்தியவர் தேவநாதன் என்கிற ஜவுளிக்காரர். சாமிக்கண்ணு கச்சேரியில் கயிறு இழுத்துக்கொண்டிருக்கும்போதே வக்கீல் குமாஸ்தாக்கள் பேசிக்கொண்டதைக் கேட்டார். குழந்தை மாட்டிக்கொண்ட பெட்டியைப் பார்க்கத்தான் கூட்டம் என்றார்கள். பெட்டியைப் பழுது பார்க்காமல், உடைந்த பக்கத்தை ஜனங்களுக்குத் தெரியும்படி திருப்பி வைத்திருக்கிறார்களாம்.

பொன்னிக்கும் அது எப்படியோ தெரிந்துவிட்டது. கப்பலைப் பார்க்க வேண்டும் என்று பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அந்தப் பெட்டியின்மேல் பயம் இருந்ததாகத் தெரியவில்லை. அன்று கப்பலில் ஆட்கள் இருக்கிறார்களா என்று பார்க்கத்தான் பெட்டிக்குள் ஏறினாள், பார்ப்பதற்குள் மூடி விழுந்துவிட்டது. அது மட்டும்தான் அவள் குறை. கொளஞ்சி கூடாது என்றாள். சாமிக்கண்ணுவால் மகளிடம் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொளஞ்சி கிடங்குக்குப் போயிருந்தபோது, இடுப்பில் தூக்கிக்கொண்டு போனார்.

பெட்டியின் மூடி மூடியிருந்தது. உடைந்த கோடி முன்னால் இருந்தது. இறக்கிவிட்டதும் காலை இழுத்து நடந்த குழந்தையைப் பார்த்ததுமே தேவநாதனுக்குப் புரிந்துவிட்டது.

"இந்தப் பொண்ணா? அடடா, வாம்மா, வா" என்று அன்பாகத்தான் அழைத்தார். ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து பெட்டிக்குப் பக்கத்தில் போட்டார். "கொஞ்ச நேரம் உக்காரட்டும்பா. ஜனங்க பாத்துட்டுப் போவட்டும். என்ன?"

சாமிக்கண்ணு வாயைத் திறந்தார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தேவநாதன் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். பொன்னி நாற்காலியில் உட்கார்ந்தாள். கூட்டம் சுற்றிக்கொண்டது. ஓர் அம்மாள் "காலைக் காட்டு கண்ணு" என்றாள். பொன்னி காட்டினாள். "பாவம்" என்றார்கள். இன்னொருவர் அவளைத் தாண்டிக் குனிந்து ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார்.

"யப்பா, கப்பலைத் தொறக்கச் சொல்லு" என்றாள் பொன்னி.

"ஐயா, மூடியைக் கொஞ்சம் தொறக்கலாங்களா? புள்ள பாக்கணும்னு..."

"இப்பக் கூட்டமா இருக்குதுப்பா. சாயந்திரம் பாக்கலாம்."

அவர் சுவரோரமாகப் போய் நின்றார். வாய்க்குள் சொல்ல வேண்டிய வார்த்தைகள் இருந்தன. மகளைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டில் வெளியே போய்விடலாம். யாரும் தடுக்கப் போவதில்லை. அது அவருக்குத் தெரிந்தும் இருந்தது. கால் வரவில்லை. புதிது புதிதாக ஆட்கள் வந்தார்கள். பொன்னி கேட்டவர்களுக்கெல்லாம் காலைக் காட்டினாள். கொஞ்ச நேரத்தில் காட்டுவதை நிறுத்திவிட்டு, பாவாடையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள்.

கிடங்கில் யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். கொளஞ்சி தலையெல்லாம் மல்லாட்டைத் தூசியோடு உள்ளே வந்தாள். நாற்காலியிலிருந்து மகளைத் தூக்கினாள். தேவநாதன் ஏதோ சொல்ல வந்தார், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கணவனை அவள் பார்க்கவே இல்லை. அவர் பின்னாலேயே நடந்தார்.

வீட்டில் நாலைந்து நாள் அவள் பேசவில்லை. ஒரு சாயங்காலம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கும்போது தானாகவே பேசினாள்.

"இங்க வேணாம்னு நீ கையை வைக்கலன்னா தலையிலதான் வுழுந்திருக்கும். எனக்குத் தெரியும்."

"அந்தப் பக்கம்னு சொன்னதும் நான்தானே" என்றார் அவர்.

"வெட்டுனது என் கை."

"மொதல்லயே நான் ஒடைச்சிருந்தா புள்ள கையால தட்டியிருக்கும். எங்க இருக்கேன்னு சொல்லியிருக்கும்."

கொளஞ்சி உருவிய காம்புகளை ஒதுக்கிவிட்டு, கீரையை அலசப் போனாள். அதற்குப் பிறகு அவர்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. ஊரில் யாராவது, பெண்ணின் காலுக்கு என்ன என்று கேட்டால், கொளஞ்சி "கோடாலி பட்டுடுச்சு" என்பாள். சாமிக்கண்ணுவைக் கேட்டால் அவர் மனைவியைப் பார்ப்பார்.

அடுத்த வருஷம் கச்சேரிக்கு மின்சார விசிறி வந்தது. பங்காவைக் கழற்றி, கயிற்றைச் சுருட்டி எங்கேயோ போட்டார்கள். அவரைப் பியூனாக்கி வாசலில் உட்கார வைத்தார்கள். இப்போது உள்ளே போகிறவர்களுடைய முகம் எல்லாம் அவருக்குத் தெரிந்தது. வெளியே வரும்போது அவர்களை நிமிர்ந்து பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டார்.

பொன்னி பள்ளிக்கூடம் போனாள். காலை இழுத்தாலும் வேகமாகத்தான் நடந்தாள், தூக்க வந்தால் கோபித்துக்கொண்டாள். ஐப்பசியில் அடைமழை பிடித்தால் மட்டும் அந்தப் பாதம் குடையும். அப்போது சாமிக்கண்ணு அவள் காலைத் தன் மடியில் எடுத்து வைத்து, விளக்கெண்ணெயைச் சுட வைத்து, விரல் இல்லாத அந்த ஓரத்தை மெதுவாக நீவிவிடுவார்.

"வலி வுட்டுதா?" என்று கேட்பார்.

"வுட்டுடுச்சுப்பா. நீ போய்ப் படு."

உண்மையாகவே விட்டதா, தனக்காகச் சொல்கிறாளா என்று அவருக்குத் தெரியாது. முகத்தைப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது, அவள் கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். அவர் நீவிக்கொண்டே இருப்பார்.